கவுன்சிலர் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவது? முதல்முறை வாக்காளர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.பி. தேர்தலில் வேட்பாளரை நேரில் பார்ப்பதென்றால் திறந்த ஜீப்பில் கும்பிட்டபடி கடந்து போகும் அந்தப் பத்து நொடிதான். எம்.எல்.ஏ. தேர்தலிலும் ஏறக்குறைய அதே கதைதான். கவுன்சிலர் தேர்தலில் மட்டும் வேட்பாளர் உங்கள் வாசலுக்கே வந்து நிற்பார், நீங்கள் கேள்வி கேட்கலாம், அவர் சொல்வது சரியா என்று மறுநாள் காலையில் நாலு தெரு நடந்து போய் நீங்களே பார்த்துவிடலாம். ஆளைச் சோதித்துப் பார்த்து ஓட்டுப் போட முடிகிற தேர்தல் இது ஒன்றுதான் என்பேன். ஆனால் இதற்குத்தான் நாம் மிகக் குறைவாக மெனக்கெடுகிறோம். 2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலம் முழுக்க 60 சதவீதத்துக்குச் சற்று மேல் ஓட்டு விழுந்தது, சென்னையில் 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

அப்போது பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. முதல்முறை ஓட்டுப் போடப் போகிறவர்களுக்காகவும், வேறு ஊரிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் பொருந்தும்.

முதலில் உங்கள் வார்டு எது?

சிரிக்காதீர்கள், தன் வார்டு எண் தெரியாதவர்கள்தான் அதிகம். சட்டமன்றத் தேர்தலில் நீங்கள் ஓட்டுப் போட்ட வாக்குச்சாவடியும் பாகம் எண்ணும் இதற்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்ற வாக்காளர் பட்டியலை எடுத்து, அதை வார்டு வாரியாகப் பிரித்து வெளியிடுவார்கள். எதிர்வீடு ஒரு வார்டு, உங்கள் வீடு வேறு வார்டு என்றுகூட இருக்கும். மண்டல அலுவலகத்திலோ நகராட்சி அலுவலகத்திலோ பட்டியலைப் பாருங்கள். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல் இப்போதே செய்துவிடுங்கள்.

கவுன்சிலரின் கைக்கு எட்டுவது எது, எட்டாதது எது

இது தெரியாவிட்டால் வேட்பாளர் சொல்வதில் எது உண்மை, எது சும்மா என்று பிரிக்கவே முடியாது. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, உள் தெருச் சாலைகள், மழைநீர் வடிகால், பூங்கா, விளையாட்டுத் திடல், கொசு மருந்து, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், மயானம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்து வரி, தொழில் உரிமம், இவையெல்லாம் உள்ளாட்சியின் வேலை. பட்டா, ரேஷன் கார்டு, போலீஸ், மின்சாரம் இதெல்லாம் மாநில அரசின் துறைகள். சென்னையில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மாநகராட்சியிடம் இல்லை, குடிநீர் வாரியத்திடம் இருக்கிறது. மற்ற ஊர்களில் குடிநீர் விநியோகம் பெரும்பாலும் உள்ளாட்சியின் பொறுப்புதான். பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமானவை, அந்தக் குழியை மூடச் சொல்லிக் கவுன்சிலரைத் திட்டுவதில் பலன் இல்லை. "எல்லாருக்கும் பட்டா வாங்கித் தருவேன்" என்று ஒருவர் துண்டுப் பிரசுரம் அடித்தால், அவருக்குத் தன் வேலையே தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டும் நல்லதில்லை.

இன்னொன்று, கவுன்சிலர் அதிகாரி கிடையாது. நிர்வாகத்தை நடத்துவது அரசு நியமிக்கும் ஆணையர் (பேரூராட்சியில் செயல் அலுவலர்), அவருக்குக் கீழே பொறியாளர்கள், சுகாதார அலுவலர்கள். கவுன்சிலரிடம் இருப்பது மன்றக் கூட்டத்தில் பேசும் குரலும், தீர்மானத்துக்கு ஒரு ஓட்டும், பிறகு வார்டில் எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அது டெண்டராகி, வேலையாகி முடியும்வரை விடாமல் பின்னால் போகும் பொறுப்பும்தான். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இந்தப் பின்னால் போவதில்தான் நல்ல கவுன்சிலரும் மோசமான கவுன்சிலரும் பிரிகிறார்கள். அதற்குக் கோப்பு படிக்கத் தெரிய வேண்டும், ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) மரியாதையாகவும் விடாப்பிடியாகவும் பேசத் தெரிய வேண்டும், எந்தத் தெருவில் என்ன பிரச்சினை என்று மனப்பாடமாக இருக்க வேண்டும்.

அந்த ஒரு ஓட்டும் சின்ன விஷயமில்லை. 2022 மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள், அடுத்த மாதமே வீடுகளுக்கான சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தும் அறிவிப்பை அரசு வெளியிட்டது, அது அந்தந்த மன்றத்தில் தீர்மானமாக வந்தது. உங்கள் கவுன்சிலர் அன்று எழுந்து பேசினாரா, வெளிநடப்பு செய்தாரா, மேசையைத் தட்டினாரா என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் அடுத்த முறை தெரிந்துகொள்ளும் வழி கீழே வருகிறது.

கவுன்சிலரே இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2016-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 வரை தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். சென்னை மாநகராட்சியில் 1973-ல் மன்றம் கலைக்கப்பட்டு 1996-ல்தான் அடுத்த தேர்தல் வந்தது. அந்தக் காலங்களில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் சொல்வதற்கு நமக்கென்று ஒரு ஆள் வார்டில் கிடையாது.

ஒரு நடை போய் வாருங்கள்

வேட்பாளர்களைப் பார்ப்பதற்கு முன்னால் வார்டைப் பாருங்கள். ஒரு காலையும் ஒரு இரவும் போதும். குப்பைத் தொட்டி எங்கே நிரம்பி வழிகிறது, எந்தத் தெருவில் விளக்கு இல்லை, வடிகால் மூடி எங்கே உடைந்திருக்கிறது, மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கும். கடைசிக் கேள்வியை அந்தத் தெருவில் இருபது வருடமாக இருக்கும் ஒரு பாட்டியிடம் கேளுங்கள், பொறியாளரைவிட நன்றாகச் சொல்வார். தூய்மைப் பணியாளர்களிடம் இரண்டு நிமிடம் நின்று பேசுங்கள். நீங்கள் குடியிருக்கும் தெருவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், வார்டின் அந்தக் கோடியில் இருக்கும் குடிசைப் பகுதிக்கும் போய் வாருங்கள், ஏனென்றால் கவுன்சிலர் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

திரும்பி வந்து மூன்றே மூன்று பிரச்சினைகளை எழுதுங்கள், பத்து வேண்டாம். இந்த மூன்றுதான் இனி உங்கள் கேள்வித்தாள்.

உறுதிமொழிப் பத்திரத்தைப் படிப்பது எப்படி

வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். தன் மீதுள்ள குற்ற வழக்குகள், தன் பெயரிலும் மனைவி அல்லது கணவர் பெயரிலும் உள்ள சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். வாக்காளருக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்ததிலிருந்து வந்த பழக்கம் இது. தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்தில் பார்க்கலாம், ஆணையத்தின் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள்.

வழக்கு இருக்கிறது என்றவுடன் ஆளை ஒதுக்கிவிடாதீர்கள், இதை நான் அழுத்திச் சொல்வேன். தண்ணீர் வரவில்லை என்று காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தவர் மீதும் வழக்கு இருக்கும், நிலத்தை மிரட்டி வாங்கியவர் மீதும் வழக்கு இருக்கும். பிரிவு எண்ணைப் பாருங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் மறியல், ஆர்ப்பாட்டம் சம்பந்தப்பட்டது: சட்டவிரோதமாகக் கூடுதல், அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல், வழிமறித்தல். 420 என்றால் மோசடி, 506 என்றால் மிரட்டல், 307 என்றால் கொலை முயற்சி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் புதிய வழக்குகளில் எண்கள் மாறியிருக்கும், மோசடி இப்போது 318, மிரட்டல் 351. வழக்கு நிலுவையில் இருக்கிறதா, தண்டனையே ஆகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். நிலுவை என்பது குற்றம் நிரூபணமானது என்று ஆகாது. ஆனால் ஒரே மாதிரி மிரட்டல் வழக்கு நான்கைந்து இருந்தால் நான் அவருக்குப் போட மாட்டேன்.

சொத்துப் பக்கத்தில் மொத்தத் தொகையைப் பார்த்து வாயைப் பிளப்பதைவிட, ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் போன தேர்தல் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இடையில் எவ்வளவு கூடியிருக்கிறது, அவருடைய தொழிலுக்கு அது பொருந்துகிறதா? உறவினர்கள் அதே உள்ளாட்சியில் ஒப்பந்ததாரர்களாக இருக்கிறார்களா என்பது பத்திரத்தில் வராது, அக்கம்பக்கத்தில் கேட்டால் வரும்.

வாசலுக்கு வரும்போது என்ன கேட்பது

பெரும்பாலும் கூட்டமாக, மேளத்தோடு வருவார்கள். அப்போது பேச முடியாது. "உங்களிடம் பத்து நிமிடம் பேச வேண்டும், எப்போது வரலாம்?" என்று மட்டும் கேளுங்கள். நேரம் கொடுக்கிறாரா, அந்த நேரத்தில் இருக்கிறாரா என்பதே முதல் தேர்வு. ஓட்டுக் கேட்கும்போதே உட்கார்ந்து பேச நேரமில்லாதவருக்கு ஜெயித்த பிறகு எங்கிருந்து நேரம் வரும்?

எல்லா வேட்பாளரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள், அதுதான் முக்கியம். ஒருவரிடம் குப்பையும் இன்னொருவரிடம் சாலையும் கேட்டால் ஒப்பிட முடியாது. நான் ஒருமுறை மூன்று வேட்பாளர்களிடம் எங்கள் தெருவில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் "வந்ததும் முதல் கையெழுத்து அதுக்குத்தான்" என்றார். கவுன்சிலர் போடுவதற்கு அப்படி ஒரு கையெழுத்தே கிடையாது. இரண்டாமவர் ஆளும் தரப்பு இத்தனை வருடமாக ஒன்றும் செய்யவில்லை என்று கால் மணி நேரம் பேசினார். மூன்றாமவர், "வடிகால் இருக்குங்க, ஆனா அது போய்ச் சேர்ற இடத்துல சிறுபாலம் அடைச்சிருக்கு, அந்தப் பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது, ரெண்டு துறையையும் ஒண்ணா உட்கார வைக்காம இது தீராது, ஒரு மழைக்காலத்துக்குள்ள முடியும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். முடியாது என்று சொன்ன அந்த மூன்றாமவருக்குத்தான் நான் ஓட்டுப் போட்டேன், இன்று கேட்டாலும் அதே முடிவுதான்.

உங்கள் மூன்று பிரச்சினைகளோடு இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: வார்டில் எங்கே உட்கார்ந்து மக்களைச் சந்திப்பீர்கள், பகுதி சபைக் கூட்டத்தை (வார்டின் ஒரு பகுதியில் உள்ள வாக்காளர்கள் எல்லாரும் கவுன்சிலரோடு உட்கார்ந்து பேசும் கூட்டம்) நடத்துவீர்களா, உங்கள் கட்சி கொண்டுவரும் தீர்மானம் வார்டுக்குக் கெடுதல் என்றால் என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன்னால் அவர் எவ்வளவு யோசிக்கிறார் என்பதை நான் கவனிப்பேன். பதில்களை அன்றே எழுதி வையுங்கள், இரண்டு நாளில் எல்லாம் கலந்துவிடும்.

பெண்கள் வார்டில் கூடுதலாக ஒரு வேலை

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 2016-ல் சட்டம் திருத்தி மூன்றில் ஒரு பங்காக இருந்ததை உயர்த்தினார்கள். இதனால் வந்த நன்மை பெரிது, சென்னை மேயராக 2022-ல் ஒரு தலித் பெண், ஆர். பிரியா, முதல்முறையாக உட்கார்ந்தார். ஆனால் பல வார்டுகளில் போஸ்டரில் வேட்பாளரைவிடக் கணவர் முகம் பெரிதாக இருக்கிறது, பிரச்சாரத்தில் கணவர் பேசுகிறார், ஜெயித்த பிறகு மக்களும் அவரையே "கவுன்சிலர்" என்று கூப்பிடுகிறார்கள்.

அதனால் கேள்வியை அந்த அம்மாவைப் பார்த்தே கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்ல ஆரம்பித்தால், "இல்லைங்க, அக்கா சொல்லட்டும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அவர் தயங்கினால் உடனே குறைத்து எடைபோட வேண்டாம், முதல்முறை பொதுவில் பேசுகிறவருக்குத் தயக்கம் இருக்கத்தான் செய்யும். தயக்கம் வேறு, வார்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பது வேறு. சுய உதவிக் குழு நடத்தியவர், ரேஷன் கடையில் வரிசைக்காகச் சண்டை போட்டவர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தவர் என்றால் இரண்டாவது கேள்வியிலேயே பேச ஆரம்பித்துவிடுவார். நீங்கள் தனியாகப் போவதைவிட உங்கள் வீட்டுப் பெண்களோடு போனால் பேச்சு இன்னும் இயல்பாக இருக்கும்.

ஏற்கெனவே கவுன்சிலராக இருப்பவர் மறுபடி நின்றால்

இவரை மதிப்பிடுவதுதான் எளிது, ஏனென்றால் ஐந்து வருடச் சாட்சி வார்டிலேயே கிடக்கிறது. மன்றக் கூட்டத்துக்கு எத்தனை முறை வந்தார், என்ன கேள்வி கேட்டார், வார்டில் எந்தெந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம், எனவே தேர்தலுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மனுவை அனுப்பிவிடுங்கள். சென்னை மாநகராட்சி தன் மாமன்றத் தீர்மானங்களை இணையதளத்தில் வெளியிடுகிறது. பதில் வந்ததும் செலவுக் கணக்கில் இருக்கும் சாலையைத் தெருவில் போய்ப் பாருங்கள்.

கட்சியா, ஆளா?

"ஆளுங்கட்சி கவுன்சிலர்னாதான் காரியம் நடக்கும்" என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். பாதி உண்மை. மேயரையோ நகராட்சித் தலைவரையோ இப்போது நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, 2011-ல் நேரடியாக ஓட்டுப் போட்டோம், 2022-ல் கவுன்சிலர்கள்தான் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே நீங்கள் வார்டில் போடும் ஓட்டு மறைமுகமாக மேயருக்கும் போகிறது, கட்சியை முழுக்க மறந்துவிடவும் முடியாது. யார் மேயராக வர வேண்டும் என்பதில் உங்களுக்கு உறுதியான கருத்து இருந்தால் அதற்கும் எடை கொடுங்கள்.

ஆனால் ஆளுங்கட்சிக் கவுன்சிலர் பலருக்கு ஒரு சிக்கல் உண்டு: தன் கட்சி நிர்வாகத்தைக் கேள்வி கேட்க அவருக்கு வாய் வராது. எதிர்க்கட்சிக்காரருக்கு வாய் வரும், கோப்பு நகர்வது மெதுவாக இருக்கலாம். சுயேச்சையிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான், "ஜெயித்த பிறகு எந்தக் கட்சியிலாவது சேர்ந்துவிடுவீர்களா?" அரசியலமைப்பின் 10-வது அட்டவணையில் உள்ள கட்சித் தாவல் தடை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கானது, கவுன்சிலர்கள் அதில் வரமாட்டார்கள்.

என் கணக்கு இதுதான். சட்டமன்றத்துக்கு நான் கட்சியைப் பார்த்துப் போடுவேன், வார்டுக்கு ஆளைப் பார்த்துப் போடுவேன், இரண்டு வேட்பாளர்கள் சமமாகத் தோன்றினால் மட்டும் கட்சியைப் பார்ப்பேன். நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், ஆனால் முடிவெடுத்துவிட்டுப் போங்கள், சின்னத்தைப் பார்த்துப் பழக்கத்தில் அழுத்திவிட்டு வராதீர்கள்.

பணம் கொடுத்தால்

கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அதைவிட ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 2023-ல் அரசு அறிவித்த மதிப்பூதியத்தின்படி மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், நகராட்சிக்கு 5,000, பேரூராட்சிக்கு 2,500. மாநகராட்சியில் ஐந்து வருடம் முழுக்க வாங்கினாலும் 6 லட்சம். சென்னையில் 2022-ல் சுமார் 61 லட்சம் வாக்காளர்கள், 200 வார்டுகள், அதாவது சராசரியாக ஒரு வார்டுக்கு 30,000 பேர். அதில் 13,000 பேருக்குத் தலைக்கு 500 ரூபாய் ஒருவர் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 65 லட்சம் ஆகிறது. 6 லட்சம் வரும் பதவிக்கு 65 லட்சம் போடுகிறவர் மிச்சத்தை எங்கிருந்து எடுப்பார்? உங்கள் தெருச் சாலையின் கனத்திலிருந்து, உங்கள் கட்டட அனுமதிக் கோப்பிலிருந்து, நடைபாதையில் கடை போட்டிருக்கும் அக்காவிடமிருந்து.

பணம் தேவைப்படும் வீட்டில் வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாங்கிவிட்டோம், அதனால் போட்டே ஆக வேண்டும் என்று சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. ஓட்டு ரகசியமானது, நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

முடிவெடுக்கும் இரவு

எழுதி வைத்த பதில்களை எடுங்கள். வார்டு தெரிந்திருக்கிறதா, தன் வேலை எது என்று தெரிந்திருக்கிறதா, கூப்பிட்டால் வருவாரா, கை சுத்தமா, இந்த நான்கையும் ஒவ்வொருவருக்கும் பாருங்கள். நான்கிலும் தேறுகிறவர் கிடைக்காமல் போகலாம். அப்போது கை சுத்தத்தையும் வார்டு தெரிந்திருப்பதையும் முன்னால் வையுங்கள், மன்ற நடைமுறையை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். ஜெயிக்க மாட்டார் என்று நல்ல வேட்பாளரைக் கைவிடவும் வேண்டாம். வார்டுத் தேர்தலில் சில பத்து ஓட்டு வித்தியாசத்தில் முடிவு மாறும், ஓட்டு சமமாக வந்தால் குலுக்கல்தான்.

காலையில் அடையாள அட்டையோடு சீக்கிரம் போய்விடுங்கள், பூத் சிலிப் கையில் இருந்தால் வரிசை வேகமாக நகரும்.

அந்தக் குறிப்புத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். 2022-ல் வந்த விதிகளின்படி வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் கவுன்சிலர்தான் தலைவர், அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லாருமே அதில் உட்காரலாம். ஜெயித்தவர் யாராக இருந்தாலும் முதல் கூட்டத்துக்குத் தாளோடு போய், தண்ணீர் நிற்கும் தெருவைப் பற்றி வாசலில் அவர் சொன்ன பதிலை அவர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள்.